ரேடியேட்டர் தலையில் கற்பூரம்

1. கொதிக்காமல் கொதித்த வேன்

அந்த மோட்டார் வேன் என் ஷெட் வாசலில் வந்து நின்றபோது உள்ளே இருந்த அத்தனை பேரும் மொட்டைத் தலையும் சந்தனமுமாக இருந்தார்கள். திருச்செந்தூரில் முடியிறக்கிவிட்டுத் திரும்புகிற கூட்டம். காலையில் அங்கிருந்து கிளம்பிய வண்டி பொழுது சாயும்போதுதான் திருநெல்வேலி வண்ணார்பேட்டைக்கு வந்து சேர்ந்திருந்தது. மாட்டு வண்டி இன்னும் கொஞ்சம் தாமதமாக வந்திருக்கும், ஆனால் வழியில் இத்தனை தடவை நின்றிருக்காது.

ஜெர்மன் சண்டை வருவதற்கு முந்திய வருஷம் அது. நான் தூத்துக்குடியில் ஃபிட்டர் வேலை பழகிவிட்டு, ஆற்றுப் பாலத்துக்குக் கிழக்கே சொந்தமாக ஷெட் போட்டிருந்தேன். அப்போது இந்தப் பக்கத்தில் மோட்டார்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மோட்டார் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. மோட்டார் தெரியும் என்று சொல்லிக்கொண்டவர்களுக்கு மட்டும் ஊரில் இடம் போதவில்லை.

அவர்களில் முதல் ஆள் நெல் மண்டி நெல்லையப்பன். வேனுக்கு முதலாளி. சாமான் ஏற்றுகிற வேனை வாங்கி, இரண்டு பக்கமும் பலகை அடித்து, திருச்செந்தூருக்கு ஆள் ஏற்றிக்கொண்டிருந்தார். ரேடியேட்டர் மூடியின் மேல் ஒரு தெர்மாமீட்டரும் வைத்திருந்தார். இன்றைய வண்டிகளில் சூடு காட்டும் முள் ஓட்டுகிறவன் மூக்குக்கு நேரே இருக்கிறது. அன்று அப்படி இல்லை. மூடியில் துளை போட்டு, வட்டச் சட்டத்துக்குள் ஒரு கண்ணாடிக் குழாயை நிறுத்தியிருப்பார்கள். அதன் வால் ரேடியேட்டருக்குள் தொங்கும். சூடு ஏற ஏறச் சிவப்புத் திரவம் மேலே ஏறும். வண்டி ஓட்டுகிறவன் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்ட வேண்டும்.

"எஞ்சின் கொதிக்கி வே," என்றார் நெல்லையப்பன். "இவன் வண்டியப் போட்டு முடுக்குதான். கண்ணாடியப் பாரும், செவப்பு உச்சியில நிக்கி."

'இவன்' என்றது டிரைவர் மிக்கேலை. கடற்கரை ஊர்க்காரன். துறைமுகத்தில் நீராவி லாஞ்ச் படகு ஓட்டிக்கொண்டிருந்தவனை, கூடச் சம்பளம் என்று ஆசை காட்டி இவர்தான் கூட்டி வந்திருந்தார். அவன் அந்த வேலையை விட்டுவிட்டு, நிறைமாதப் பெண்டாட்டியோடு பாளையங்கோட்டையில் குடிவந்திருந்தான்.

"நான் பையத்தான் ஓட்டுதேன் அண்ணாச்சி," என்று அவன் என்னிடம் சொன்னான். "காலையில வண்டி எடுக்கும்போதே செவப்பு மேலதான் நிக்கி. எஞ்சின் பச்சத் தண்ணியா இருக்கும், அது மட்டும் கொதிக்கும்."

"நேத்து நீ ஓட்டின சூடு இன்னும் எறங்கலலே," என்றார் முதலாளி. இதைச் சிரிக்காமல் சொன்னார். "ஒவ்வொரு ஊர்லயும் நிறுத்தித் தண்ணி ஊத்தியும் செவப்பு எறங்கல. சனமெல்லாம் என் வண்டிய வுட்டுட்டு மாட்டு வண்டியில போகுது. இந்தக் கொதிப்பு அடங்கலேன்னா இவன் கணக்க முடிச்சிருவேன் வே."

நான் பானெட்டைத் திறந்து பார்த்தேன். ஆவி இல்லை, குமுறல் இல்லை, காய்ந்த நெடியும் இல்லை. எஞ்சின் சூடாகத்தான் இருந்தது. ஓடி வந்த எஞ்சின் சூடாக இல்லாமல் எப்படி இருக்கும்? வேன் ராத்திரி இங்கேயே நிற்கட்டும் என்று சொல்லி, சாவியை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன்.

2. வாளித் தண்ணீர்

மறுநாள் விடிந்ததும் சிலிண்டரில் கை வைத்தேன். மண்பானை மாதிரிச் சில்லென்று இருந்தது. கண்ணாடியில் சிவப்பு உச்சியில் நின்றது. மிக்கேல் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. எனக்கு அப்போதே விஷயம் விளங்கிவிட்டது. கெட்டது எஞ்சின் இல்லை, தெர்மாமீட்டர். ஏன் கெட்டது என்பது மட்டும் விளங்கவில்லை.

அதையும் முதலாளியே வந்து காட்டிக்கொடுத்தார். குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு ஒரு தட்டை ஏந்திக்கொண்டு வந்தார். ரேடியேட்டருக்குச் சந்தனம் அப்பினார், குங்குமம் வைத்தார். பிறகு ஒரு கட்டிக் கற்பூரத்தை எடுத்து, மூடியின் மேலேயே, கண்ணாடிக் குழாயின் காலடியில் வைத்துக் கொளுத்தினார். கண்ணை மூடிக்கொண்டு கும்பிட்டார். கற்பூரச் சுவாலை குழாயைச் சுற்றிச் சுற்றி நக்கியது. சட்டத்தின் ஒரு பக்கம் முழுவதும் கரி ஏறியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"தெனமும் இப்படித்தானா அண்ணாச்சி?"

"பின்னே? பூச இல்லாம என் வண்டி நகராது."

எனக்கும் சாமி உண்டு, கற்பூரமும் உண்டு. ஆனால் அந்தக் குழாய் கொதிக்கிற தண்ணீரைத் தாங்கச் செய்தது, நெருப்பைத் தாங்கச் செய்ததல்ல. தினமும் நெருப்பில் வாட்டியதில் சிவப்புத் திரவம் நடுவில் அறுந்து, மேல் துண்டு உச்சியில் போய் ஒட்டிக்கொண்டுவிட்டது. கீழ்த் துண்டு பாவம், ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டுதான் இருந்தது. குழாயின் அடியிலும் சந்தனம் அப்பியிருந்ததால் அது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. மனிதர் அதற்கு எதிரே நின்று தினமும் கும்பிட்டார், ஆனால் கண்ணைத் திறந்து ஒரு நாளும் பார்க்கவில்லை.

தெர்மாமீட்டரைக் கழற்றி, அவர் கண் முன்னாலேயே ஆற்றுத் தண்ணீர் வாளிக்குள் வாலை முக்கினேன். உச்சிச் சிவப்பு அசையவில்லை.

"வாளித் தண்ணியும் கொதிக்குதா அண்ணாச்சி?" என்றேன்.

அவர் வாளிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விட்டுப் பார்த்தார் என்பதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன்.

"சீமையில செஞ்ச சாமான் பொய் சொல்லுமா வே?" என்றார்.

"நீரு கற்பூரத்த வச்சுச் சுட்டா எதுவும் சொல்லும்."

மிக்கேல் பக்கத்தில்தான் நின்றான். அவன் சிரிக்கவில்லை. அவன் வேலை அந்த வாளிக்குள் கிடந்தது.

3. மாற்றுகிற வேலை

புதுத் தெர்மாமீட்டர் பட்டணத்திலிருந்து ரயில் பார்சலில் வந்தது. மாற்றும் முறையை எழுதிவிடுகிறேன், இந்தத் தொழிலுக்கு வருகிற உங்களுக்கு உதவும். முதலில் ஆறின எஞ்சினில்தான் மூடியைத் திறக்க வேண்டும். சூடாக இருக்கும்போது திறந்து முகம் வெந்த இருவரை எனக்குத் தெரியும். இருவரும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் என்று பேர் வாங்கியவர்கள். மூடித் துளையைத் துடைத்து, புது வாஷர் போட்டு, நட்டைக் கையால் முடிந்த மட்டும் முறுக்கி, அதற்கு மேல் ஸ்பானரால் கொஞ்சம். பலத்தைக் காட்டினால் கண்ணாடி விரியும். ரேடியேட்டரில் தண்ணீர் கழுத்துவரை இருக்க வேண்டும். பூட்டுவதற்கு முன்னால் புதுச் சாமானையும் பச்சைத் தண்ணீரில் ஒரு தடவை, கொதிநீரில் ஒரு தடவை முக்கிப் பார்த்துவிட வேண்டும். பெட்டியில் வந்தது என்பதற்காக நம்பக் கூடாது.

கற்பூரத்தை மண்ணில் ஏற்றச் சொன்னேன். "தலையில ஏத்தாம கால்லயா ஏத்தச் சொல்லுதீரு?" என்று கோபித்துக்கொண்டார். கடைசியில் முன் சட்டத்தில் ஒரு இரும்புத் தட்டு அடித்துக்கொடுத்தேன். அதில் ஏற்றிக்கொண்டார். வேன் ஒழுங்காக ஓடியது, மிக்கேல் வேலையும் தப்பியது. 'ஒன்னை வீணா ஏசிட்டேம்லே' என்று ஒரு வார்த்தை முதலாளி வாயிலிருந்து வரவில்லை. "இனி அந்தக் கண்ணாடி ஒன்னையப் பாத்துக்கிட்டேதான் இருக்கும், பாத்து ஓட்டு," என்றுதான் சொன்னார்.

4. சூரசம்ஹாரத்துக்கு அவசரம்

கந்த சஷ்டி அன்று வேனில் இடம் கொள்ளாத கூட்டம். சாயங்காலம் சூரசம்ஹாரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். முதலாளியும் மிக்கேலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஸ்ரீவைகுண்டம் தாண்டியதும் ரேடியேட்டர் விசிறியைச் சுற்றுகிற தோல் பெல்ட் அறுந்துவிட்டது. கண்ணாடியில் சிவப்பு ஏறத் தொடங்கியது. மிக்கேல் வண்டியை ஓரம் கட்டினான். அடுத்து நடந்ததை வேனில் இருந்த பலரும் என்னிடம் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்.

"ஏம்லே நிறுத்துத?"

"சூடு ஏறுது மொதலாளி. பெல்ட்டு போயிட்டு. ஆறவிட்டு, கயிறாவது கட்டிப் பைய போவோம்."

"போன கண்ணாடி பொய் சொல்லிச்சி. இது அதுக்குத் தம்பி. ஓட்டுலே."

"ஆவி வருது, பாருங்க மொதலாளி. ஓட்டினா எஞ்சின் போயிரும்."

"ஓட்ட முடியலன்னா எறங்கிப் போயிரு. நாளையிலேருந்து வராத."

மிக்கேலுக்குக் குழந்தை பிறந்து மாதம்கூடத் திரும்பவில்லை. ஸ்டீயரிங் வளையத்திலிருந்து கையை எடுத்தான். பிறகு இறங்கி, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பாளையங்கோட்டையைப் பார்த்து நடந்தான்.

முதலாளியே ஓட்டினார். ஆற்று மணலில் வண்டியை வட்டம் அடித்துப் பழகிய வித்தை. ஆழ்வார்திருநகரி கோபுரம் தெரிகிற இடத்தில் எஞ்சின் கத்திவிட்டு நின்றது. அத்தோடு விட்டாரா? கொதித்துக் கிடந்த இரும்பின் மேல் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றினார். சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை வெடித்துவிட்டது. வேனிலிருந்து இறங்கிய ஒரு அம்மா, "நடந்து போனா புண்ணியம்னு முருகனே எறக்கி வுட்டுட்டான்," என்று சொல்லிவிட்டு நடந்தாளாம். அன்றைக்கு உருப்படியாகப் பேசியது மிக்கேலை விட்டால் அவள் ஒருத்திதான்.

5. விசாரிக்க வந்தவர்

மாடு பூட்டி இழுத்து வந்த வேனைப் பார்த்துவிட்டு, புது சிலிண்டர் வேண்டும் என்றேன். முதலாளி செலவுக்கு யோசித்தே மாதங்களைத் தள்ளினார், அதற்குள் சண்டை வந்து சீமைச் சாமான் நின்றுபோயிற்று. வேன் நெல் மண்டிக்குப் பின்னால் நின்றே துருப்பிடித்தது.

குதிரை கீழே தள்ளினதும் அல்லாமல் குழியும் பறித்த கதையாக, முதலாளி பஜார் முழுக்க ஒரு பேச்சைப் பரப்பினார். மிக்கேல் வண்டியை முடுக்கிக் கெடுத்துவிட்டு நடுவழியில் ஓடிவிட்டான் என்று. மிக்கேல் போய்க் கேட்ட இடத்தில் எல்லாம் கதவைச் சாத்தினார்கள். துறைமுகத்திலும் பழைய இடத்துக்கு வேறு ஆள் வந்திருந்தான். கைக்குழந்தைக்காரியான பெண்டாட்டி வளையலைக் கழற்றிக் கொடுத்த பிறகும் அவன் கெஞ்சவில்லை.

பாபநாசம் பக்கம் வண்டி விட இருந்த ஒருவர் என் ஷெட்டுக்கு வந்தார். "மிக்கேல்னு ஒரு டிரைவராமே. நெல்லையப்ப அண்ணாச்சி அவன சேக்காதீருங்காரு. நீரு என்ன சொல்லுதீரு?"

நெல்லையப்பன் ஒரு வார்த்தை சொன்னால் மண்டிக்காரர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் என் ஷெட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனாலும் கற்பூரத்திலிருந்து வாய்க்கால் தண்ணீர்வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அன்றைக்கே மிக்கேலைக் கூட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் நெல்லையப்பன் வந்தார்.

"எனக்கு எதிரா சாட்சி சொன்னீராமே?"

"நான் புதுசா ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. மிக்கேல் ஒம்மகிட்ட சொன்னதத்தான் அவர்கிட்ட சொன்னேன். அவரு கேட்டாரு, நீரு கேக்கல."

அத்தோடு அவர் என் ஷெட் பக்கமே வரவில்லை. மண்டிக்காரர்களும் வரவில்லை. ஒரு வருஷம் கையைக் கடித்தது. மிக்கேல் பாபநாசம் வண்டியைத் தலை நரைக்கிறவரை ஓட்டினான்.

தெர்மாமீட்டர் கெட்ட வண்டி வந்தால் ஸ்பானரை எடுப்பதற்கு முன்னால் ஓட்டுகிறவனைக் கூப்பிட்டு, காலையில் ஆறின எஞ்சினில் அது என்ன காட்டியது என்று கேளுங்கள். சொல்லுகிற பதிலை நம்புங்கள். கேட்கிற ஆளை இந்தத் தொழிலில் நிறையப் பார்த்துவிட்டேன். நம்புகிற ஆளைத்தான் அதிகம் பார்த்ததில்லை.