ஆடிட் அன்று வந்த பாப்பா

எங்கள் ஷூ ஃபேக்டரியில் ஆடிட் வருகிற அன்று மட்டும் குழந்தைகள் இருப்பார்கள். கதவுக்கு மேலே 'குழந்தைகள் காப்பகம்' என்று தமிழிலும் இங்கிலீஷிலும் போர்டு மாட்டிய அறை ஒன்று இருக்கிறது. மற்ற நாட்களில் அதில் அட்டைப் பெட்டிகள்தான், ஜன்னலை மறைக்கிற உயரத்துக்கு. எங்களிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிகள், வேலை செய்கிறவர்களை ஒழுங்காக நடத்துகிறோமா என்று பார்த்துவர ஆள் அனுப்பும். அதுதான் ஆடிட். அதற்கு முந்தின நாள் பெட்டிகள் எல்லாம் குடோனுக்குப் போகும். தரையில் பாய் வரும், ஒரு பிளாஸ்டிக் குதிரை வரும், சுவரில் பலூன் வரும். போன வருடம் ஆடிட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் வாய் வலிக்க வலிக்க நான் பலூன் ஊதிக்கொண்டிருந்தது இன்னும் கண்முன்னே நிற்கிறது. சந்தோஷமாகத்தான் ஊதினேன். என்ன இருந்தாலும் நாளைக்குப் பிள்ளைகள் வரப்போகிறார்கள் அல்லவா.

நான் அங்கே வெல்ஃபேர் ஆபீசர். தொழிலாளர் நலனைப் பார்த்துக்கொள்ள வேண்டியவள் என்று அதற்கு அர்த்தம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எங்கள் சர்ச்சில் சின்னப் பிள்ளைகள் வகுப்புக்கு டீச்சர். ஆம்பூரில் இது பெரிய அதிசயமில்லை. தோல் கம்பெனியில் வேலை செய்யாத வீடு எங்கள் சபையில் குறைவு. ஆறு நாளும் லைனில் பார்க்கிற முகங்களைத்தான் ஏழாம் நாள் ஆராதனையில் பார்ப்பேன். நான் சொல்ல வந்த அக்காவையும் அப்படித்தான் தெரியும். ஷூவின் மேல்தோலைத் தைக்கிற லைனில் வேலை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். ஃபேக்டரியில் என்னை 'மேடம்' என்பார், சர்ச் வாசலைத் தாண்டியதும் 'டீச்சர்' என்பார். அதை அவர் ஒரு நாளும் மறந்து மாற்றிச் சொன்னதில்லை. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். வாரம் முழுக்க மேடமாக இருந்து அலுத்துப் போனவளுக்கு, அந்த 'டீச்சர்' கேட்கும்போது நல்லவளாகிவிட்ட மாதிரி இருக்கும்.

அவருடைய மகள் என் வகுப்பில் இருந்தாள். யு.கே.ஜி. படிக்கிற பாப்பா, ஐந்து வயது. அந்த மாதம் எங்களுக்கு வந்த பாடம், விசுவாசம் வாயில் இருந்தால் போதாது, செயலில் தெரிய வேண்டும் என்பது. பிள்ளைகளின் கையை வெள்ளைத் தாளில் வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து, விரலுக்கு ஒரு நற்செயல் எழுதச் சொன்னேன். பகிர்ந்து கொடுப்பது, உதவி செய்வது, மன்னிப்பது, கீழ்ப்படிவது, உண்மை பேசுவது. அன்றைக்கு நன்றாகப் பேசினேன், அதை மறைப்பானேன். இயேசப்பாவைப் பிடிக்கும் என்று பாட்டாகப் பாடிவிட்டு, பக்கத்துப் பிள்ளைக்குப் பென்சில் தரமாட்டேன் என்றால் அது என்ன அன்பு என்று கேட்டேன். எல்லாம் கலகலவென்று சிரித்தன. இவள் மட்டும் சிரிக்காமல் தன் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்.

"டீச்சர், உண்ம சொல்றது வாயாலதான சொல்றோம். அத ஏன் கைல எழுத சொன்னீங்க?"

எனக்கு அப்படியே சிலிர்த்துவிட்டது. "சில நேரம் உண்மைய சொல்றதுக்குதான் பாப்பா ஜாஸ்தி தைரியம் வேணும். அப்ப அது பேச்சு இல்ல, செயல்" என்றேன். அவள் கேட்டதையும் என் பதிலையும் எங்கள் சபை ஆயரிடம் சொன்னேன், வீட்டில் சொன்னேன், ஃபேக்டரிக்கு வந்து மதியச் சாப்பாட்டில் அக்காவிடமும் சொன்னேன். அக்கா மகளை நினைத்துச் சிரித்தார். பிறகுதான் அந்த விஷயத்தை எடுத்தார்.

அவருக்குக் கைக்குழந்தை ஒன்றும் இருந்தது. வீட்டுக்காரர் பெங்களூரில் பெயின்ட் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் வழுக்கி விழுந்து படுத்துவிட்டார். "அத்தைக்கு இடுப்பு போய்டுச்சு மேடம். கொழந்தைய பக்கத்து வூட்டு பாய் சம்சாரத்துகிட்ட வுட்டுட்டு வர்றேன். அவங்க நல்லவங்கதான், ஆனா எத்தினி நாளுக்கு பாத்துப்பாங்க? போர்டு மாட்டியிருக்கீங்களே, அந்த ரூம தெறந்து வுட்டா போதும். இல்லாட்டி நான் வேலைய வுட்டு நின்னுட வேண்டியதுதான்." கெஞ்சவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். நான் மேனேஜரிடம் பேசினேன். "ஆடிட் முடியட்டும் மேடம், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எங்கள் ஃபேக்டரியில் அதற்கு என்ன அர்த்தம் என்று வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அக்காவிடம் வந்து, பேசியாகிவிட்டது, நல்லது நடக்கும் என்றேன்.

ஆடிட்டுக்குப் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொல்லி லைனில் கேட்டபோது, எல்லோருக்கும் முன்னால் கை தூக்கியது அக்காதான். கைக்குழந்தைக்கு அன்று காய்ச்சல், அதனால் பெரியவளைக் கூட்டிவந்தார். எப்போதும் சென்னையிலிருந்து தமிழ் பேசுகிறவர்கள் வருவார்கள். கேட்க வேண்டியதைக் கேட்டு, டிக் போட்டு, பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அந்த முறை வெளிநாட்டுக் கம்பெனியே நேராகத் தன் ஆளை அனுப்பியிருந்தது. தலை முழுக்க வெள்ளையாக ஒரு பெரியவர். மொழிபெயர்க்க ஆள் வேண்டியிருந்தது. "வெளி ஆள் வேணாம், நீங்களே இருந்துடுங்க மேடம்" என்றார் மேனேஜர்.

அந்தப் பெரியவர் காப்பகத்தின் வாசலில் தன் ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். யாரும் அவரிடம் கழற்றச் சொல்லவில்லை. பாயில் சம்மணம் போட முடியாமல் ஒரு மாதிரி காலை மடக்கி உட்கார்ந்து, குதிரைமேல் இருந்த பாப்பாவைப் பார்த்து, தினமும் இங்கே வருவாயா என்று இங்கிலீஷில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"இல்ல டீச்சர். இன்னிக்கிதான் வந்தேன். இங்க எப்பவும் அட்டப்பொட்டிதான் இருக்குமாம், அம்மா சொன்னாங்க. தம்பிக்கு இந்த ரூம் வேணும்னு சொல்லுங்க டீச்சர்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் கதவோரம் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்தார். என்னை யாரும் மிரட்டவில்லை, முறைக்கக்கூட இல்லை. தினமும் வருகிறாளாம், இந்தக் குதிரை ரொம்பப் பிடிக்குமாம் என்று இங்கிலீஷில் சொன்னேன். குதிரையை நானாகவே சேர்த்துக்கொண்டேன். பெரியவர் சிரித்துக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாப்பாவும் பதிலுக்குக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். உண்மை போய்ச் சேர்ந்துவிட்டது என்று அவள் நினைத்துவிட்டாள்.

ஆர்டர் போய்விட்டால் இரண்டு லைனை மூடுவார்கள், எத்தனை குடும்பம் தெருவுக்கு வரும் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த வேலையில் ஊறியவள் நான். ஒரு அறை திறக்கவில்லை என்பதற்காக யாரும் ஆர்டரை நிறுத்தமாட்டார்கள். குறையை எழுதி, சரிசெய்யச் சொல்லித் தவணை கொடுப்பார்கள். அந்தத் தவணைக்குள் அறையைத் திறந்தே ஆக வேண்டியிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்கும். எனக்கு மேனேஜரிடம் ஒரு வாரம் திட்டு விழுந்திருக்கும். அந்த ஒரு வாரத் திட்டுக்குப் பயந்துதான் சொன்னேன். இதைவிடப் பெரிய காரணம் ஏதாவது கிடைக்காதா என்று இன்றுவரை தேடுகிறேன், கிடைக்கவில்லை.

சாயங்காலம் லைனுக்கெல்லாம் லட்டு கொடுத்தார்கள். ஆடிட் நல்லபடியாக முடிந்தால்தான் லட்டு. பாப்பா சொன்னது போய்ச் சேரவில்லை என்று அதை வாங்கிய நிமிஷத்திலேயே அக்காவுக்குத் தெரிந்திருக்கும். மறுநாள் காலையில் பெட்டிகள் அறைக்குத் திரும்பிவிட்டன.

அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வழக்கம்போல, இந்த வாரம் யார் என்ன நற்செயல் செய்தீர்கள் என்று கேட்டேன். கேட்காமல் விட்டிருக்கலாம். வழக்கம் நாக்கில் வந்துவிட்டது. பாப்பா எழுந்தாள். "நானு வெள்ளக்காரத் தாத்தாகிட்ட உண்மைய சொன்னேன். டீச்சர்தான் அத இங்கிலீஷ்ல அவருக்கு சொன்னாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து செஞ்சோம்." பிள்ளைகள் கைதட்டினார்கள். எல்லோரும் தட்டும்போது டீச்சர் சும்மா நிற்க முடியுமா, நானும் தட்டினேன். கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அக்கா வாசலில் நின்றிருந்தார். மகளைக் கூட்டிப்போக வந்தவர், "தோத்திரம் மேடம்" என்றார். சர்ச்சுக்குள் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு 'டீச்சர்' என்று சொல்லவே இல்லை.

மறுநாள் கேன்டீனில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அக்கா, அன்னிக்கி நான்..." என்று ஆரம்பித்தேன். "வுடுங்க மேடம். உங்க நெலம உங்களுக்கு. இதுக்குப்போய் பேஜார் ஆவாதீங்க" என்று டிபன் பாக்ஸை மூடினார். நாலு வார்த்தை ஏசியிருந்தால் வாங்கிக்கொண்டு அழுதிருப்பேன். மன்னித்துவிட்டாரா, இல்லை என்னோடு பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டாரா என்பது எனக்கு இன்னும் தெரியாது. இரண்டாவதுதான் என்று தோன்றுகிறது.

பக்கத்து வீட்டம்மாவின் மகள் பிரசவத்துக்கு வந்ததும், குழந்தையை விட்டுவர அக்காவுக்கு வேறு இடமில்லாமல் போயிற்று. கொஞ்ச நாள் லீவு போட்டுப் பார்த்தார். பிறகு ஒரு நாள் என் அறைக்கு வந்து, கழுத்திலிருந்த ஐ.டி. கார்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, பிள்ளைகளோடும் மாமியாரோடும் திமிரிக்கு, தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். அவ்வளவு நேர்த்தியாகத் தைக்கிறவர் எங்கள் லைனில் வேறு யாருமில்லை. போகாதீர்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. எந்த முகத்தோடு சொல்வது?

அடுத்த வாரமே ஆயரிடம் போய், வகுப்பை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், உடம்பு முடியவில்லை என்றேன். அதுவும் பொய். பிள்ளைகள் உங்கள்மேல் உயிராக இருக்கிறார்கள், ஜெபித்துவிட்டுத் தொடருங்கள் என்றார். தொடர்ந்தேன். இந்த வருட ஆடிட்டும் வந்து போய்விட்டது. சென்னை ஆட்கள், தொல்லையில்லை. பலூனை நானேதான் ஊதினேன். யாராவது ஒரு பிள்ளை உண்மையைச் சொல்லிவிடுமோ என்று நாள் முழுக்க அந்த அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

போன மாதம் எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. வெளியே பூசணிக்காயும் கோழியும் ஏலம் போய்க்கொண்டிருந்தன. பின்பக்கம் பெரிய தேக்சாப் பாத்திரத்தில் பிரியாணிக்குத் தம் போட்டிருந்தார்கள். படைக்கிறதற்கு ஒரு கூடை வேர்க்கடலையோடு அக்கா திமிரியிலிருந்து வந்திருந்தார். கடலைக்காட்டில் கூலி வேலைக்குப் போகிறாராம். வெயிலில் நன்றாகக் கறுத்து, இளைத்திருந்தார். "நல்லா இருக்கீங்களா மேடம்?" என்று மரியாதையாகக் கேட்டார். அதற்குள் பாப்பா ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். முன்பல் இரண்டும் விழுந்திருந்தது.

"டீச்சர், அந்த ரூம தெறந்துட்டாங்களா?"

"இல்ல பாப்பா."

"நீங்க இங்கிலீஷ்ல சொன்னது அந்தத் தாத்தாவுக்கு புரியலயா டீச்சர்?"

அக்கா என்னைப் பார்த்தார். மகளை அதட்டி அழைத்துப் போகவில்லை, பேச்சை மாற்றவும் இல்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்த இடத்தில் என் பக்கத்தில் மேனேஜர் இல்லை, ஷூ வாங்குகிற கம்பெனி ஆள் இல்லை, போகிறதற்கு ஆர்டரும் இல்லை. ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுதான் நின்றுகொண்டிருந்தது.

"புரியல போல இருக்கு பாப்பா" என்றேன்.

"அப்ப அவருக்காக ஜெபம் பண்ணலாம் டீச்சர்" என்றாள். தப்பு செய்தவர்களைத் திட்டாதீர்கள், அவர்களுக்காக ஜெபியுங்கள் என்று நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை இறுக்க மூடினாள். "இயேசப்பா, அந்தத் தாத்தாகிட்ட நாங்க உண்மைய சொன்னோம். அவரு ஒண்ணும் செய்யல. தம்பிய வுட எடம் இல்லாம அம்மாவுக்கு வேல போய்டுச்சு. அவர மன்னிச்சிடுங்க. அவருக்கு நல்ல மனசு குடுங்க."

நான் கண்ணை மூட முடியாமல் நின்றேன். அக்காவும் மூடவில்லை. எங்கள் வகுப்பில் பிள்ளைகள் ஜெபித்தால் முடித்துவைப்பது டீச்சர்தான். பாப்பா கண்ணைத் திறக்காமல் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள்.

"ஆமென்" என்றேன்.