பட்டியலில் மூன்றாவது பெயர்

மூன்று வருஷத்துக்கு முன்னால் நடந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், படிப்பு முடித்து வரும் புது நர்ஸுகளை எந்தப் பிரிவில் பயிற்சிக்குப் போடுவது என்று பட்டியல் போடுவது என் வேலை. பூர்வீகம் நாகர்கோவில் பக்கம். பிறந்து வளர்ந்தது இங்கேயே, திருவனந்தபுரம் ஆரியசாலையில். வீட்டுக்குள் தமிழ், ஆபீஸில் மலையாளம். பேச்சை வைத்து என்னைத் தமிழ்க்காரி என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை வேறு.

அந்த வருஷம் ஐ.சி.யூ. பயிற்சிக்கு நான்கு இடம். பரீட்சையில் மூன்றாவதாக வந்தவள் தென்காசிப் பக்கத்துப் பெண். யோசிக்கவே வேண்டாம், இடம் அவளுக்குத்தான். ஆனால் என்னைத் தெரிந்த சக ஊழியை ஒருத்தி விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "சேச்சி மாதிரி தமிழ்க்காரியாச்சே, அப்ப சீட்டு உறுதி" என்று சிரித்தாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது. சொந்த ஆளுக்குச் செய்கிறாள் என்று பேர் வந்துவிட்டால்? ஐந்தாவதாக வந்தவளை ஐ.சி.யூ.வில் போட்டு, இவளை ஓ.பி.க்குத் தள்ளினேன். 'மலையாளம் போதாது' என்று ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்.

மறுநாள் அவள் வந்தாள். நான் அம்மாவிடம் போனில் பேசி முடிக்கும்வரை வாசலிலேயே நின்றாள். பிறகு தட்டுத்தடுமாறி மலையாளத்தில் கேட்டாள். ஐ.சி.யூ. அனுபவம் இருந்தால்தான் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்க முடியுமாம். மார்க்கும் இருக்கிறதே, ஏன் கிடைக்கவில்லை என்றாள். நான் மறந்தும் தமிழில் வாய் திறக்கவில்லை. மொழி, விதிமுறை என்று மலையாளத்தில் பொரிந்து தள்ளி அனுப்பிவிட்டேன்.

ஒரு வருஷம் ஓ.பி.யில் பேர் கூப்பிட்டும் பிரஷர் பார்த்தும் ஓட்டினாள். கடைசியில் சர்டிபிகேட்டில் கையெழுத்து வாங்க வந்தாள். நாகர்கோவிலில் வேறொரு ஆஸ்பத்திரியில், ஐ.சி.யூ. பயிற்சியை முதலிலிருந்து தொடங்கப் போகிறாளாம். அன்றுதான் என்னிடம் தமிழில் பேசினாள்.

"நீங்க தமிழ்னு எனக்கு அன்னைக்கே தெரியும் மேடம். போன்ல பேசுனது கேட்டுச்சு. தமிழ்ல கேட்டா, நம்ம ஆளுன்னு சலுகை கேக்குற மாதிரி ஆயிரும்லா. அதான் மலையாளத்துலயே கேட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். சாதாரணமாகத்தான் சொன்னாள். தலையைக் குனிந்து கையெழுத்துப் போட்டு நீட்டினேன்.

இப்போதும் வருஷா வருஷம் பட்டியல் போடுகிறேன். மூன்றாவது பெயரை எழுதும்போது கை தானாக நின்றுவிடுகிறது. நேர்மையானவள் என்று பேர் வாங்கும் ஆசையில் நான் ஒரு வருஷத்தைப் பறித்தது, என்னைவிட நேர்மையான ஒரு பெண்ணிடமிருந்து என்பதை நினைத்தால் இன்றைக்கும் கூசிப்போகிறேன்.