போன் கூராஜ் என்று முடிந்த கால்

நித்யா பேசிய போன் காலுக்கு ஜீரோ மார்க் என்று செந்தில் சொன்னபோது, தரமணி ஆபீஸில் அவள் உட்கார்ந்திருந்த கண்ணாடி அறைக்கு வெளியே நின்றிருந்தேன்.

நித்யா என் மகள். முந்தைய வேலை போனபின் பல மாதம் அடையாறு வீட்டில் அறைக்குள்ளேயே முடங்கிக் கிடந்தவள். பிரெஞ்சு படித்திருந்ததால் நான் இருக்கும் கம்பெனியிலேயே சேர்ந்தாள். பிரான்சில் நடுரோட்டில் கார் நின்றுபோனவர்கள் எங்களைக் கூப்பிடுவார்கள். இங்கிருந்தே காரை இழுத்துப்போக டோயிங் வண்டிக்கு ஏற்பாடு செய்வோம். வேலையில் நீடிக்க பாஸ் செய்தாக வேண்டிய சர்டிஃபிகேஷன் காலில் அவள் ஏற்கெனவே ஒருமுறை ஃபெயில். இன்னொரு முறை ஃபெயிலானால் வேலை இல்லை. மறுபடி அந்த அறைக்குள் போய்விடுவாள் என்பதுதான் என் பயம்.

"ஆபீஸ்ல என்னைத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்காதப்பா" என்று சொல்லியிருந்தாள். கால்களைக் கேட்டு மார்க் போடுவது என் வேலை என்றாலும், சொந்தக்காரர் பேசியதை நான் ஆடிட் செய்யவும் கூடாது. அதனால்தான் என்னோடு வேலை பார்க்கும் செந்தில் ஆடிட் செய்தான்.

"இன்னா சார், சூப்பரா போய்க்கினு இருந்துச்சு, கடைசில கவுத்துட்டாங்க. 'போன் ஜூர்னே' சொல்லவே இல்ல. ஃபேட்டல் சார்."

நல்ல நாளாக அமையட்டும் என்று அர்த்தம். பிரெஞ்சுக்காரர்கள் கடையை விட்டுக் கிளம்பும்போதுகூட இப்படி ஏதாவது வாழ்த்திவிட்டுத்தான் பிரிவார்கள். எங்கள் ஸ்கிரிப்டில் ஒவ்வொரு காலும் அதில்தான் முடியவேண்டும். விட்டால் மற்ற மார்க் எதுவும் செல்லாது.

"பின்ன என்ன சொன்னா?"

"போன் கூராஜ்."

கஷ்டத்தில் இருப்பவரிடம், தைரியமாக இருங்கள் என்று சொல்லிப் பிரிவது அது. மேனேஜர் ரகு ரெக்கார்டிங்கைப் போட்டார். விபத்து. மனைவியை ஆம்புலன்ஸில் கொண்டுபோய்விட்டார்கள். நொறுங்கிய காரோடு தனியாக நிற்கும் மனிதர் பேசுகிறார். நித்யா டோயிங் வண்டிக்கும், அவர் ஆஸ்பத்திரி போக டாக்சிக்கும் ஏற்பாடு செய்கிறாள். ஸ்கிரிப்ட் வரி வரவேண்டிய இடத்தில் கொஞ்சம் மௌனம். பிறகு அந்த இரண்டு வார்த்தை.

"ரூல்னா ரூல்தான் சார். ஆனா இத க்ளையன்ட் ஒருவாட்டி கேக்கட்டும்" என்றார் ரகு.

மறுநாள் கான்ஃபரன்ஸ் காலில், எங்களுக்கு வேலை தரும் பிரெஞ்சுக் கம்பெனியின் அம்மாள் பிரான்சிலிருந்து கேட்டார். முடிந்ததும், "யார் இந்தப் பெண்?" என்றார்.

"அந்த மனிதரிடம் நல்ல நாள் என்று சொல்லியிருந்தால் நம்மைத் திட்டிவிட்டு போனை வைத்திருப்பார். இவள் சரியாகச் சொன்னாள். உங்கள் விதியை மாற்றுங்கள்."

நித்யா பாஸ்.

"மூச்சு உடுங்க சார்" என்று செந்தில் முதுகில் தட்டினான். அப்போதுதான் விட்டேன்.

கேபில் வீட்டுக்கு வரும்போது நித்யா சிரித்தாள். "கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு முழிச்சியே, அதாம்ப்பா எனக்கு டென்ஷனே." கொஞ்சம் கழித்து, "பசிக்குது, எங்கயாவது தோசை சாப்பிடலாமா?" என்றாள். அவளாகப் பசி என்று சொல்லி எத்தனையோ நாளாகியிருந்தது.

இப்போது ஸ்கிரிப்டின் கடைசி வரியை ஏஜென்டே தீர்மானிக்கலாம். வண்டி சரியாகிப் பயணம் தொடர்பவருக்கு போன் ரூத். சாயங்காலம் கூப்பிட்டவருக்கு போன் சுவாரே. புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மனப்பாடம் செய்யாதீர்கள். போனை வைத்தபின் அவர் எங்கே போகப்போகிறார் என்று யோசியுங்கள். வார்த்தை கிடைத்துவிடும்.