அரைஞாணில் நுழைந்த விரல்கள்

என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்தால்தான் மறுபடி ஏரியில் இறங்கி வலை இழுக்கலாம். பொன்னேரி டாக்டரோ, "தொப்பையைக் குறைச்சுட்டு வாங்க, இந்த வயித்துல தையல் நிக்காது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். மூன்று இஞ்சு குறைய வேண்டுமாம். அதுவரை படகைத் தள்ளக்கூடக் கூடாது. கரையில் உட்கார்ந்து அடுத்தவர் வலையைத் தைத்துக்கொண்டிருந்த மனுஷரைப் பார்க்க எனக்கே பொறுக்கவில்லை.

அளக்க ஒரு டேப் வாங்கலாம் என்றேன். "அரைஞாண் கீதே, டேப்பு எதுக்கு?" என்று சிரித்தார். வலை நூலையே முறுக்கி இடுப்பில் கட்டியிருக்கிறவர் அவர். எங்கள் பக்கம் வலைக் கண்ணியை விரல் விட்டுத்தான் அளப்பார்கள். ரெண்டு விரல் கண்ணி, மூணு விரல் கண்ணி என்றுதான் பேச்சே. அன்றைக்கு அந்தக் கயிற்றுக்குள் என் சுண்டுவிரல்கூட நுழையவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்றியதும் அவரை நிற்கவைத்து விரல் விட்டுப் பார்ப்பது என் வேலையானது.

சோற்றை அரைத்தட்டாக்கினேன். மடவை மீனை வறுக்காமல் குழம்பில் போட்டேன். அவருக்கு அளந்து வைத்துவிட்டு நான் மட்டும் கொட்டிக்கொள்ள மனசு வருமா? ஒரு கரண்டிச் சோற்றோடு எழுந்துவிடுவேன். அவர் என் தட்டையே பார்ப்பார். இன்னும் பசி போல என்று நினைத்து, நான் பானையை மூடிவிடுவேன்.

பலன் தெரிந்தது. முதலில் ஒரு விரல் நுழைந்தது, பிறகு இரண்டு. "மூணு விரல் கண்ணிமே. மடவையே பூந்து போயிடும். இனிமே நீ நல்லா துன்னு" என்றார், மூன்றாவது விரலும் நுழைந்த ஒரு வெள்ளிக்கிழமை. எனக்குத் தலைகால் புரியவில்லை. டாக்டரிடம் காட்டிவிட்டு வந்து வயிறாரச் சாப்பிடலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

நர்ஸ் டேப் வைத்தார். அரை இஞ்சுதான் குறைந்திருந்தது. நான் டேப்பைத்தான் சந்தேகப்பட்டேன். நர்ஸ், தொளதொளத்த என் ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கைப் பார்த்தார். "அவரு அப்படியேதான் இருக்காரு. நீங்கதாம்மா பாதியாயிட்டீங்க."

அப்போதுதான் அரைஞாணின் நுனியைக் கவனித்தேன். முடிச்சுக்கு வெளியே ஒரு சாண் தொங்கிய கயிறு, இப்போது கட்டைவிரல் நீளம்தான் இருந்தது. வாராவாரம் அவிழ்த்துத் தளர்த்திக் கட்டியிருக்கிறார். வலை தைக்கிற கைக்கு முடிச்சு எம்மாத்திரம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டேன். "இன்னாயா இது, யாரை ஏமாத்துற?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "நான் எளைச்சாத்தானே நீ துன்னுவே. உன் கையப் பாரு, வளையலு முழங்கை வரைக்கும் ஏறுது."

திட்டத்தான் வாயைத் திறந்தேன், அழுகை வந்துவிட்டது. ஏரியை விட்டு ஒரு நாள் இருக்கமாட்டாதவர், என் ஒரு பிடி சோற்றுக்காக ஆபரேஷனையே தள்ளிப்போட்டிருக்கிறார். அறிவு கெட்ட மனுஷன் என்றும் தோன்றியது, இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டோமே என்று பெருமையாகவும் இருந்தது.

சாயங்காலம் முடிச்சை நானே இறுக்கிப் போட்டேன். வலை முடிச்சைச் சுடுவதுபோல் நுனியைத் தீக்குச்சியால் உருக்கிவிட்டேன். "தொப்பையச் சுட்டுடாதேமே" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். இனி அறுத்தால்தான் உண்டு. பதிலுக்கு அவரும் ஒரு நிபந்தனை போட்டார்: வெள்ளிக்கிழமை எனக்கும் அளவு. வளையலைத் தள்ளிப் பார்ப்பார். முழங்கைக்கு ஏறினால் அன்று அவர் சோற்றைத் தொடமாட்டார்.

போன வாரம் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். நர்ஸ் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "மூணு இஞ்சு. ஆபரேஷனுக்குத் தேதி சொல்றேன், கேட்டுக்கோங்க" என்றார். அவர் எங்கே கேட்டார்? என் கையைப் பிடித்து வளையலை மேலே தள்ளிக்கொண்டிருந்தார். அது பாதிக் கையிலேயே நின்றுவிட்டது.