வலி மாத்திரையை விட்ட வருஷம்

மலேசியாவின் கிள்ளான் துறைமுகத்தில் நான் கிரேன் ஓட்டுகிறேன். கப்பலிலிருந்து கண்டெய்னரைத் தூக்கி லோரியின்மேல் வைக்கும் வேலை. நாங்கள் உட்காரும் கூண்டு பல மாடி உயரத்தில் தொங்கும். காலடியில் கண்ணாடி. குனிந்து கீழே பார்த்தபடியேதான் ஓட்ட வேண்டும். அதனால் எங்களில் பலருக்கு இடுப்பு சீக்கிரமே பழுதாகும். ஐம்பதை நெருங்கும்போது எனக்கு டிஸ்க் விலகியது. ஆபரேஷன் செய்தார்கள், வலிக்கு மாத்திரை தந்தார்கள்.

அந்த மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். அது இல்லையென்றால் அந்த மாதங்களில் குளியலறை வரைக்கும்கூட நடந்திருக்க முடியாது. ஆனால் தையல் ஆறி, வலி பாதியாகக் குறைந்த பிறகும் வேளை வந்தால் கை அதைத் தேடியது. அதைச் சாப்பிட்டுக்கொண்டு கிரேனில் ஏற முடியாது. ஒரு காலையில், இனி வேண்டாம் என்று நானாகவே நிறுத்திவிட்டேன்.

மறுநாள் மூக்கு ஒழுகியது. ஓயாமல் கொட்டாவி வந்தது. வெளியே வெயில் கொளுத்த, எனக்கு மட்டும் குளிரெடுத்து மயிர் சிலிர்த்தது; சட்டை வேர்வையில் நனைந்தது. வயிறு கலங்கியது. எல்லாவற்றையும்விடக் கால்கள்தான் பாடாய்ப் படுத்தின. எலும்புக்குள் எறும்பு ஊர்வது போலிருந்தது. டெங்கி என்றே நினைத்தாள் என் மனைவி. பாலர் பள்ளி வேலைக்கு லீவு போட்டுவிட்டு என்னைக் கிளினிக்குக்கு இழுத்துப் போனாள்.

டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். என் பழைய விவரங்களைப் பார்த்துவிட்டு, "வலி மாத்திரைய எப்ப நிறுத்துனீங்க அங்கிள்?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"இது காய்ச்சல் இல்ல. உடம்பு அந்த மருந்துக்குப் பழகிருச்சு. சட்டுன்னு நிறுத்துனா இப்படித்தான் கேக்கும்."

"அப்ப நானும் போதைக்காரனா டாக்டர்?"

"அப்படி இல்ல லா அங்கிள். டாக்டர் குடுத்தத, சொன்னபடி சாப்ட்டீங்க. யாருக்கும் வரும். கொஞ்சம் கொஞ்சமா குறைப்போம். முடியலன்னா அந்த அளவுலயே கொஞ்ச நாள் நிப்போம். நீங்களா எதுவும் செய்யாதீங்க."

அந்த 'நிப்போம்' எனக்குப் பெரிய தைரியமாக இருந்தது.

ஒவ்வொரு முறை அளவைக் குறைத்தபோதும் சில நாள் உடம்பு படுத்தும், பிறகு அடங்கும். டிவியில் பால்மாவு விளம்பரம் பார்த்துக்கூட அழுதிருக்கிறேன். மாத்திரைகளை மனைவி தன் கைப்பையில் வைத்துக்கொண்டாள். ஒரு ஞாயிறு மத்தியானம் தாங்க முடியாமல் அவளிடம் கேட்டேன்.

"ஒன்னே ஒன்னு கூடக் குடு. டாக்டருக்குத் தெரியவா போவுது?"

"அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?" என்றாள். திட்டவில்லை. "செருப்ப மாட்டுங்க. திடலுக்குப் போவோம்."

அந்த வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு திடலைச் சுற்றிச் சுற்றி நடந்தோம். அவளுக்கு முழங்கால் வலி உண்டு. அன்று அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சுடுதண்ணீரில் குளித்து, கஞ்சி குடித்தேன். கால்கள் அடங்கின. அதன்பின் சாயங்காலங்களில் நடப்பது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம். மண்டபத்து நாற்காலியில் ரொம்ப நேரம் உட்கார்ந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்தில் இருந்த சகலை என் முகத்தைப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். பார்த்ததும் தெரிந்தது, அதே மாத்திரை.

"ஒன்னு போடுங்க. எல்லாம் சரியாயிடும்."

வாயில் எச்சில் ஊறியது. பொய் சொல்ல மாட்டேன்.

"வேணாம் சகலை. உடம்பு அதுக்குப் பழகிப்போச்சு. டாக்டர் சொன்னபடி இப்பதான் குறைச்சுக்கிட்டு வரேன்."

எதிரே இருந்த பெரியவர், "இதெல்லாம் வெளிய சொல்லலாமாய்யா?" என்றார்.

"திருடியா சாப்ட்டேன், அங்கிள்? ஏன் சொல்லக் கூடாது?"

அடுத்த மேசையிலிருந்து மனைவி திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் என் முதுகு தானாக நிமிர்ந்தது. பந்தி முடிந்து கை கழுவும் இடத்தில் சகலை என் பக்கம் வந்து நின்றார். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "அந்த டாக்டர் கிளினிக் எங்க இருக்கு?" அடுத்த வாரம் நானே அவரைக் காரில் கூட்டிப் போனேன்.

வேலையிடத்திலும் மறைக்கவில்லை. சூப்பர்வைசர் ஒரு மலாய்க்காரர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டாக்டர் சரி என்று சொல்லும் வரை என்னைக் கீழே லோரிகளை ஒழுங்குபடுத்தும் வேலையில் போட்டார். கடைசி மாத்திரையையும் விட்டு, உடம்பு தெளிந்து, கம்பெனி டாக்டரும் பரிசோதித்த பிறகுதான் மேலே போக அனுமதி கிடைத்தது.

அன்று கடல் தெளிவாக இருந்தது. முதல் கண்டெய்னரைத் தூக்கினேன். லோரியின்மேல் அது சத்தமில்லாமல் உட்கார்ந்தது. "பாகுஸ், அண்ணே," என்றார் சூப்பர்வைசர் ரேடியோவில். மலாயில் 'நல்லது' என்று அர்த்தம். அவர் யாரையும் லேசில் பாராட்டுகிற ஆள் இல்லை. அடுத்த கண்டெய்னருக்குத் திரும்பும்போது, நானே என்னைத் தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது.