பத்து நாள் கட்டி வை என்றவர்

சனிக்கிழமை பொன்னேரி பஸ் கண்டக்டர்தான் வந்து சொன்னார். "ரைட்டரே, உங்க கம்பவுண்டர் மௌத்தாயிட்டாரு. பழவேற்காட்டுல நேத்தே அடக்கம் பண்ணிட்டாங்கோ." எழுதிக்கொண்டிருந்த பத்திர நகலைக் கிழித்துப் போட்டேன். பத்திரத்துக்காகக் காத்திருந்த கட்சிக்காரர் கத்தினார். கத்தட்டும். எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் புதைத்துவிட்டார்களே என்ற ஆத்திரம் எனக்கு.

நம்மூர் மாட்டாஸ்பத்திரிக்கு மாடு ஓட்டிப் போன உங்களுக்கெல்லாம் கம்பவுண்டர் மீரான் மரைக்காயரைத் தெரியும். அவர் வாயும் தெரியும். சினை மாட்டை வயிற்றில் உதைத்த வண்டிக்காரனை அவனுடைய தார்க்குச்சியாலேயே விளாசிவிட்டு, "இப்ப சொல்லு, நோவுதா இல்லியா?" என்று கேட்ட மனுஷர். நாயைத் தொடுகிறாரே என்று சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். நாய் எச்சில் பட்டால் மார்க்கப்படி ஏழு தடவை கழுவுவார், அதில் ஒரு தடவை மண் போட்டு. "கழுவுனா போயிடுது. அதுக்குன்னு நோவுல கெடக்கறத தொடாம உட்றதா?" என்பார்.

என்னையும் அவர் அடித்திருக்கிறார். இன்று அதை எழுதாவிட்டால் நான் யோக்கியன் இல்லை.

மூன்று வருஷத்துக்கு முன்பு, என் மகள் கமலாவுக்கு ஏழு வயதாகும்போது, பட்டணத்துக் கடை ஒன்றில் வெள்ளைக் குட்டி ஒன்றை வாங்கி வந்தேன். சீமை ஜாதி என்றான் கடைக்காரன். வாலை ஒட்ட நறுக்கியிருந்தது. மடியில் போட்டால் அசையாமல் தூங்கியது. எவ்வளவு சாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேன். மூன்றாம் நாள் காலையில் அதற்கு உடம்பெல்லாம் உதறல், வாயில் எச்சில் வடிந்தது. தூக்கப்போன கமலாவின் மணிக்கட்டில் ரத்தம் வரக் கடித்துவிட்டது. வெறிதான் என்று நானே முடிவுகட்டி உலக்கையை எடுத்தேன். எத்தனை அடி அடித்தேனோ தெரியாது. கிணற்றடிக் கல்லெல்லாம் ரத்தம். கமலா அங்கேயேதான் நின்றாள்.

ஆள் விட்டு மரைக்காயரை அழைத்தோம். வந்தவர் குனிந்து அந்தச் சதைக் குவியலைப் பார்த்தார். நிமிர்ந்து என் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டார்.

"அறிவு கெட்டவனே! கட்டி வச்சி பத்து நாள் பாத்திருந்தா வெறியா இல்லியான்னு தெரிஞ்சி போயிருக்கும். தலையையும் நசுக்கிட்ட, மூளைய அனுப்பி சோதிக்கவும் வழியில்ல. இப்ப கொழந்த வயித்துல பதினாலு ஊசி போட்டாவணும்!"

பதினாலு நாளும் கமலாவின் கைகளை நான் பிடித்துக்கொள்வேன், காலை நர்ஸ் பிடித்துக்கொள்வாள். தொண்டை கட்டும்வரை அலறுவாள். திரும்பி வரும்போது வண்டியில் தினமும் ஒரே கேள்வி: "குட்டிய ஏம்பா அட்ச்ச?" வெறிநாய் என்பேன். அவள் நம்பியதாகத் தெரியவில்லை.

அந்த வாரமே, குட்டி எங்கிருந்து வந்தது என்று விசாரிக்க, மரைக்காயர் என்னை இழுத்துக்கொண்டு பட்டணத்துக் கடைக்குப் போனார். கடைக்காரனின் சட்டையைப் பிடித்து உலுக்கியதில், குட்டிகள் கும்மிடிப்பூண்டியிலிருந்து கூடையில் வருகின்றன என்று உளறினான். மறுநாள் அங்கே போனோம். ரயில் பாதைக்கு அப்பால் மூடிக் கிடந்த அரிசி மில். கதவைத் தள்ளியதும் மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. பழப்பெட்டி அளவுக் கூண்டுகளில் பெட்டை நாய்கள். நடக்காமலே கிடந்ததால் நகம் வளைந்து அவற்றின் பாதத்துக்குள்ளேயே இறங்கியிருந்தது. மூலையில் ஒரு கத்தி, பக்கத்தில் நறுக்கிய வால்கள், ஈ மொய்த்துக்கொண்டு. மில்காரன் பாலில் எதையோ கரைத்துக்கொண்டிருந்தான். மரைக்காயர் கிண்ணத்தைப் பிடுங்கி முகர்ந்தார்.

"அபின்! குட்டி கடையில தூங்கணும்னு அபின் குடுக்கறான், பாத்துக்க. உன் ஊட்டுல அபின் நின்னு போயி அதுக்கு உதறியிருக்கும்யா. வெறியாவது ஒண்ணாவது!"

"ஜனங்க கேக்கறாங்கோ, நான் விக்கறேன். உனுக்கு இன்னாய்யா பேஜாரு?" என்றான் மில்காரன்.

மரைக்காயர் கிண்ணத்தை அவன் முகத்தில் வீசினார். அவன் கதவுக்குப் போடும் இரும்புத் தடியை எடுத்து வீசியதில் அவர் இடது கை எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவன் குரல்வளையைப் பிடித்துச் சுவரில் மோதினேன், கீழே தள்ளி மிதித்தேன். வாயில் ரத்தத்தோடு அவன் வெளியே ஓடினான். மரைக்காயர் ஒற்றைக் கையால் கூண்டுகளைத் திறந்துகொண்டிருந்தார். முடி கொட்டிய ஒரு வெள்ளைப் பெட்டை, பயத்தில் அவருடைய வலது கையைக் கவ்வி எலும்புவரை பல்லை இறக்கிவிட்டது. என்னையறியாமல் இரும்புத் தடியை ஓங்கிவிட்டேன்.

"ஓங்காத! இன்னொரு தபா அதே தப்ப பண்ணாத. கட்டி இட்டுக்கினு போலாம். பத்து நாள் பாப்போம்."

போலீஸில் சொன்னோம். நாய் விற்றதை எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று சிரித்தார்கள். மரைக்காயர் ஊசி போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார். தன் வீட்டு மாட்டுக்கொட்டகையில் அதைக் கட்டினார். கட்டுப் போட்ட இரண்டு கைகளோடு பத்து நாளும் அதற்குக் கஞ்சி வைத்தார். நான் பயந்து செத்தேன். பதினோராம் நாள் அது அவர் காலடியில் படுத்து உண்ணி கடித்துக்கொண்டிருந்தது. பிறகு ஊரில் யார் கடையில் குட்டி வாங்கினாலும் அவர்கள் வாசலில் போய்ச் சண்டை பிடிப்பார். "மில்ல மூட எனக்கு அதிகாரம் இல்ல. உன்ன திட்டறதுக்கு எவன்கிட்ட கேக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை அவர் மகன் அந்தப் பெட்டையைக் கயிற்றோடு கொண்டு வந்தான். "அத்தா உங்ககிட்டதான் குடுக்கச் சொன்னாரு." இத்தனை பேர் இருக்க, குட்டியை அடித்துக் கொன்ற என்னிடம். மரைக்காயரின் சொத்தில் எனக்கு வந்தது இதுதான், கிழட்டு நாய் ஒன்று. வெற்றிலையை வாயில் போடக் கையை உயர்த்தினேன். அது தரையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டது.

வாசற்படியில் நின்று கமலா பார்த்தாள். அவளுக்கு இப்போது பத்து வயது.

"இதயும் அடிப்பியாப்பா?"

கயிற்றை அவளிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் என் கையையே பார்த்தாள். அப்புறம் வாங்கிக்கொண்டாள்.