சாவு மெட்டில் கட்டிய ஜீப் பாட்டு

ஏலக்காய் எடுக்கப் போகிற பெண்கள் பாடினால் தோட்டத்தில் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, அது சினிமாப் பாட்டாக இருக்கும்வரை. நான் எங்கள் ஜீப்பைப் பற்றிப் பாட்டுக் கட்டிய பிறகுதான் எல்லாருக்கும் திடீரென்று காது கேட்க ஆரம்பித்தது.

போடியில் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறிவிடுவோம். இருக்கையெல்லாம் நிறைந்த பிறகுதான் ஆள் ஏற்றுவதே தொடங்கும். ஒருத்தி மடியில் இன்னொருத்தி, அவள் மடியில் சோற்றுத் தூக்கு. அடிவாரச் செக்போஸ்ட் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் டிரைவர் பாதிப் பேரை இறக்கிவிடுவார். நாங்கள் புதர்ப் பக்கமாகச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் காத்திருக்கும் அதே ஜீப்பில் மறுபடி ஏறிக்கொள்வோம். செக்போஸ்ட்காரர்களுக்கும் இது தெரியும். தெரியாத மாதிரி இருப்பதும் ஒரு உத்தியோகம்தானே!

போன மழைக்காலத்தில் அப்படிப் போன ஒரு ஜீப் வளைவில் கவிழ்ந்தது. எங்களோடு வரும் அக்கா ஒருத்தியின் தங்கை அதில் செத்துப்போனாள். காரியம் முடிந்த மறுநாளே ஏஜெண்ட் பழையபடி ஆள் திணித்து அனுப்பினார். தோட்டங்களுக்கு ஆள் சேர்த்து அனுப்புகிறவர் அவர்தான். அவர் வேண்டாம் என்றால் வேலை கிடையாது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த எரிச்சலில் வந்த பாட்டு இது:

ஏலக்கா மூட்டைக்கு எடைபோடத் தராசிருக்கு
ஏறிவரும் பொம்பளைக்கு எடமுமில்ல கணக்குமில்ல
சாக்குக் கிழிஞ்சாக்கா சத்தம்போட ஆளிருக்கு
சனங்க கவுந்தாக்கா சாமிக்கும் கண்ணுமில்ல

மெட்டு, ஒப்பாரி மெட்டு. கேட்டவுடன் எல்லாருக்கும் கூடச் சேர்ந்து பாட வருகிற மெட்டு அது ஒன்றுதான் என்று எடுத்துவிட்டேன். உயிரோடு இருக்கிறவர்களை வைத்து, அதுவும் ஓடுகிற வண்டியில் அதை எடுக்கக் கூடாது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு அடி பாடியதும் டிரைவர் பிரேக்கை மிதித்தார்.

“சாவு மெட்ட வண்டியில எடுக்குறியா? எறங்கு புள்ள கீழ!”

தங்கையைப் பறிகொடுத்த அக்கா என் வாயைப் பொத்தினாள். “வேணாம்டி, அபசகுனம்.”

“மடி மேல மடி வச்சு மலையேறுறது நல்ல சகுனமாக்கும்?” என்று கேட்டேன். நான் பாட்டை நிறுத்திய பிறகுதான் டிரைவர் வண்டியை எடுத்தார்.

ஆனால் தோட்டத்தில் செடியடியில் குனிந்து காய் எடுக்கும்போது, “அந்தச் சாக்குக் கிழிஞ்ச அடி எப்படிடி வரும்?” என்று ஒருத்தி மெதுவாகக் கேட்டாள். இன்னொருத்தி போனில் பதிந்துகொண்டாள். மறுவாரமே பக்கத்து ஊர் சிலமலை ஜீப்புகளில் பாட்டு ஓடியது. ராசிங்காபுரத்துப் பெண்கள் தோட்டத்தில் கக்கூஸ் இல்லாததையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

பாட்டு ஏஜெண்ட் காதுக்கும் போயிற்று. ஒரு விடியற்காலை ஜீப் நிற்கும் இடத்துக்கே வந்து, ஏறப்போன என் முகத்துக்கு நேரே போனை நீட்டினார்.

“சும்மா வெளையாட்டுக்குப் பாடுனோம், மனசுல வச்சுக்காதீங்கன்னு ஒரு வீடியோ பேசிவிடு. இல்லன்னா இந்த வண்டின்னு இல்ல, எந்த வண்டியிலயும் உனக்கு எடம் கெடையாது.”

பயந்தேன். காய்ப்பு முழுவீச்சில் இருந்த நேரம். அந்த இடம் போனால் என் வீட்டில் அடுப்பு எரியாது. அதற்காக அதை விளையாட்டு என்று சொல்ல நாக்கு வரவில்லை.

“வெளையாட்டுக்குப் பாடல அண்ணே,” என்றேன். “நெசமாத்தான் பாடுனேன்.”

“அப்ப வீட்டுக்குப் போ.”

ஜீப்புக்குள்ளிருந்து அந்த அக்கா இறங்கினாள். என் வாயைப் பொத்தியவள்தான். ஜீப்பின் முன்னால், விளக்கு வெளிச்சத்தில், ரோட்டிலேயே கால் நீட்டி உட்கார்ந்து குரலெடுத்தாள்.

கூடப் பொறந்தவளே, என் குலங்காத்த தங்கச்சி
ஜீப்புக்குள்ள எடமில்லாம எமன்மடியில் ஒக்காந்தியே

எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ஒப்பாரி எடுத்துவிட்டால் நிறுத்தச் சொல்ல எந்த ஆணுக்கும் வாய் வராது. பக்கத்தில் இருக்கிற பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு கூட உட்கார்ந்தாக வேண்டும். விலகி நின்றால் அது செத்தவளுக்குச் செய்கிற அவமரியாதை. ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். ஜீப் காலியாயிற்று. பின்னால் நின்ற ஜீப்பும் காலியாயிற்று. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் அக்காவின் தோளில் முகத்தை வைத்து அழுதேன். அழுதுகொண்டே பாடினேன். அவ்வளவு சத்தமாக நான் அதுவரை பாடியதில்லை.

பொழுது நன்றாக விடிந்துவிட்டது. பஸ்சுக்கு நின்றவர்களெல்லாம் கூடிவிட்டார்கள், நிறையக் கைகளில் போன்.

“எந்திரிங்கத்தா, தோட்டத்துல காத்துக் கெடக்காங்க,” என்றார் ஏஜெண்ட். குரல் இறங்கியிருந்தது.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இன்னொரு ஜீப்பு கொண்டா. இவளும் ஏறுவா. அதுவரைக்கும் எனக்குப் பாட இன்னும் இருக்கு.”

அவர் தள்ளிப்போய் நின்று போன் செய்தார். இன்னொரு ஜீப் வந்தது. நான் ஏறும்போது பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார்:

“அந்த எமன் மடி அடிய மட்டும் பாட்டுல சேத்துராத.”

“அது நான் கட்டுனது இல்ல அண்ணே. அவங்க தங்கச்சிக்குக் கட்டுனது. அவங்ககிட்டயே கேளுங்க.”

அக்கா ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேட்கவில்லை.